மாத்தாண்டாம்

எது முதலில் நடந்தது என்பதில் சுடலையாண்டிக்கு இப்போதும் சந்தேகம் இருக்கிறது. ஷிபு போனில் கேட்ட பிறகு அண்ணன் வாய் திறந்தாரா, அல்லது அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே திறந்துவிட்டாரா. யோசிக்க யோசிக்க வரிசை மாறுகிறது. சில நாட்களில் ஷிபுவின் குரல் முதலில் கேட்கிறது, சில நாட்களில் அண்ணனின் குரல். நர்ஸ் வந்து டிரிப் பாட்டிலை விரலால் சுண்டிவிட்டுப் போனது மட்டும் எந்த வரிசையிலும் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

போன் சுடலையாண்டியின் கையில் இருந்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த ஒடுக்கத்தில் நின்றுகொண்டு பேசினார்.

"கேக்குதா?" என்றான் ஷிபு. தக்கலையில் இருக்கும் அவனுடைய ஒர்க்ஷாப்பில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குது. சொல்லு."

"கியர் பெட்டிய எறக்கியாச்சு. கிளட்ச் பிளேட்டு கரிஞ்சு போச்சு, அதையும் பிரஷர் பிளேட்டையும் மாத்தாம பற்றாது. மத்ததுதான் கேக்கணும். ரிலீஸ் பேரிங் லேசா இரையுது. ஃப்ளைவீல்ல கோடு விழுந்திருக்கு, லேத்துல குடுத்துத் தேச்சு மொகம் எடுத்தா ஓடும். பொறவு இன்ஜினுக்க பின்னால ஒரு ஆயில் சீலு. ஒழுகுதுன்னு சொல்ல முடியாது, ஈரமா இருக்கு. இதெல்லாம் பெட்டி எறக்கினாத்தான் கை எட்டும். மாத்தணுமா, விட்டுரவா?"

"எனக்கு என்ன மக்கா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்கோ."

அண்ணன் சிவதாணு கட்டிலில் பாதி சாய்ந்து கிடந்தார். மூக்கையும் வாயையும் ஆக்சிஜன் முகமூடி மூடியிருந்தது. காலடியில் சுடலையாண்டியின் மனைவி தாணம்மாள் உட்கார்ந்து அவருடைய பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மகன் ரதீஷ் பிளாஸ்கோடு வாசலில் நின்றான்.

கார் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்றுதான் பேச்சு. ஆனால் சாவி எப்போதும் அண்ணனின் மடியில் இருந்தது. சிவதாணு அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெரிசனங்கோப்பில் தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். வயலில் எந்த வாழை வைப்பது, ரதீஷ் என்ன படிப்பது, முன்வாசல் கம்பிக் கதவுக்கு என்ன நிறம் என்பதெல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சுடலையாண்டிக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் ஸ்டியரிங்கைப் பற்றி யோசிப்பதில்லை.

போன வாரம் ரதீஷின் பிள்ளைகளைத் திற்பரப்புக்குக் குளிக்கக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும்போது, குலசேகரம் ஏற்றத்தில் கார் இரைந்ததே தவிர ஏறவில்லை. கரிந்த வாடை அடித்தது. மறுநாள் அண்ணன் காரை ஷிபுவிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். இறங்கும்போதே காய்ச்சல். அது நெஞ்சில் இறங்கி, பிறகு சிறுநீரகத்துக்குப் போய், நாகர்கோவிலில் இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டது.

அன்று காலை டாக்டர் வந்திருந்தாள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், சின்ன வயது. கட்டிலருகில் நின்றே சொன்னாள். "இங்க பண்ண முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோமுங்க. சுவாசத்துக்கும் கிட்னிக்கும் சேத்து மெஷின் இருக்கற எடத்துக்கு மாத்தலாம். மார்த்தாண்டத்துல ஒண்ணு இருக்குதுங்க, இல்லைன்னா திருவனந்தபுரம். ஆனா ரோட்டுல தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது. இங்கயே இருந்தாலும் என்ன ஆகும்னு சொல்ல முடியாது. மதியத்துக்குள்ள நீங்க யோசிச்சுச் சொல்லுங்க." அண்ணனுக்குக் கேட்டிருக்கும். கண் திறந்துதான் இருந்தார்.

ஆக, அறைக்குள் இரண்டு கேள்விகள் பதில் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. அப்போதுதான் முகமூடிக்குள்ளிருந்து அந்தச் சொல் வந்தது.

"மாத்தாண்டாம்."

அல்லது "மாத்தாண்டம்". கடைசி எழுத்துக்கு முன்னால் குரல் நீண்டதா, நீளவில்லையா. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவரின் வாயில் நீளமும் குறுக்கமும் ஒன்றாகத்தான் இருந்தன. மாற்ற வேண்டாம் என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மார்த்தாண்டம் என்ற ஊரையும், ரகரத்தை விழுங்கிவிட்டு, ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார்கள்.

போன் எப்போது அணைந்தது என்று சுடலையாண்டி கவனிக்கவில்லை.

"மார்த்தாண்டம்னு சொல்லுகாரு" என்றான் ரதீஷ். "பெரியப்பாவே சொல்லியாச்சு. கெளம்புவோம்."

தாணம்மாள் அவர்கள் இருவரையும் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏலே, உனக்குக் காது அவிஞ்சா போச்சு? மாத்தாண்டாம்னுல்லா சொன்னாரு. என்னைய எங்கயும் மாத்தாண்டாம், இஞ்சயே கெடக்கட்டும்னு."

"நீங்க காலடியில இருந்திய. நான் வாயப் பாத்துட்டு நின்னேன்."

"வாயில முகமூடி கெடக்கு. அதுக்குள்ள என்னத்தப் பாத்த நீ?"

இருவரும் சுடலையாண்டியைப் பார்த்தார்கள். இருவரையும்விட அண்ணனின் தலைக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

"எனக்கு என்னன்னா," என்றார் அவர், "ஷிபு கேட்டதுக்குச் சொன்னாரோன்னு."

"என்னது?"

"பேரிங்கு மாத்தணுமான்னு அவன் கேட்டாம்லா. அதுக்கு மாத்தாண்டாம்னு."

தாணம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆவி அடங்கக் கெடக்க மனுசன் பேரிங்குக்கா பதில் சொல்லுவாரு?"

"அண்ணன் சொல்லுவாரு."

அவளுக்கும் அது தெரியும். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தெளிவான பேச்சு பேசத் தெரியாத மனுசன்மாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சுடலையாண்டி வராந்தாவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் கைகழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, முன்பு இரண்டு தடவை கிளட்ச் மாற்றியதை நினைவில் கொண்டுவர முயன்றார். அண்ணன் பேரிங்கை மாற்றச் சொல்கிறவரா, வேண்டாம் என்கிறவரா. அது தெரிந்துவிட்டால் அந்தச் சொல் யாருக்கு என்று தெரிந்துவிடும். பேரிங்கை மாற்றச் சொல்கிற ஆள் என்றால், அண்ணன் வேண்டாம் என்றது தன்னை மாற்றுவதைத்தான். மாற்ற வேண்டாம் என்கிற ஆள் என்றால், தன்னைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

முதல் தடவை அண்ணன் பிளேட்டை மட்டும் மாற்றச் சொன்னார். "ஓடிட்டிருக்க சாமான எதுக்குல கழத்திப் போடணும்? கெடட்டும், அப்பம் பாப்போம்" என்று அன்றைய மெக்கானிக்கை ஏசியது நன்றாக நினைவிருக்கிறது. மழைக்காலம் வருவதற்குள் பேரிங் கத்த ஆரம்பித்தது. மறுபடியும் பெட்டியை இறக்க வேண்டியதாயிற்று. அண்ணன் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மூன்று நாள் யாரிடமும் எதைப் பற்றியும் பேசவில்லை. இரண்டாவது தடவை ஷிபுவிடம் போனது. அப்போது எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஆனால் அண்ணன் சொல்லி மாற்றினார்களா, ஷிபு கேட்காமலே மாற்றிவிட்டானா? அன்று தானும் கூடப் போயிருந்தும், எதிர்க் கடையில் தேங்காய் விலை பேசிக்கொண்டு நின்றது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

ஷிபுவைக் கூப்பிட்டார்.

"போன தடவ பேரிங்கு மாத்தினது அண்ணன் சொல்லியா?"

"அது ஒரு சண்டையில்லா. அண்ணாச்சி வேண்டாம்பாரு, நான் மாத்துவேம்பேன். கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல்ல. நான் மாத்தினேன். அவரு பாத்துட்டு நின்னாரு." ஷிபு சிரித்தான். "இப்பமாவது அவரே சொன்னாரே. ஆள் போயாச்சு."

"ஆள் எங்க போயாச்சு?"

"மார்த்தாண்டத்துக்கு. நீங்க போன வைக்கதுக்கு முன்ன அண்ணாச்சிக்க சத்தம் கேட்டுதுல்லா, மார்த்தாண்டம்னு. நல்ல சாமான் அங்கதான் கிட்டும்னு பண்டே சொல்லுவாரு. வாங்கி மாத்துன்னுதான் அர்த்தம். எனக்க ஆள பைக்குல அனுப்பிட்டேன்."

சுடலையாண்டி அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, தப்பா?"

"இல்ல மக்கா. தப்புன்னு யாருக்குத் தெரியும்."

உள்ளே போய் அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். அவ்வளவு பக்கத்தில் அண்ணனின் முகத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. முகமூடி அழுத்திய இடத்தில் தோல் வரிவரியாகச் சிவந்திருந்தது.

"அண்ணே. நீங்க சொன்னது காருக்கா? உங்களுக்கா?"

அண்ணன் கண்ணைத் திறந்தார். பஸ் ஓட்டும்போது தலைக்கு மேல் உள்ள கண்ணாடியில் பின்னால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அது யாரையும் குறிப்பாகப் பார்ப்பதில்லை. எல்லாரும் ஏறியாயிற்றா என்று மட்டும் பார்ப்பது. பிறகு கண் மூடிக்கொண்டது.

"ஒண்ணு தலைய ஆட்டுங்கோ. போகணும்னா ஆட்டுங்கோ."

தலை ஆடியது. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.

தாணம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "விடுங்கோ. அவரப் போட்டுப் படுத்தாதிங்கோ."

அவர் மறுபடி வராந்தாவுக்கு வந்து ஷிபுவைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் மாத்து. பேரிங்கு, சீலு, ஃப்ளைவீலு, எதெல்லாம் கை எட்டுதோ அதெல்லாம்."

"ஃப்ளைவீல் மொகம் எடுத்தாப் போதும்னு சொன்னேம்லா?"

"மாத்து."

போனைப் பைக்குள் வைத்தார். இத்தனை வயதில் அண்ணனைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும். அது சரியா என்று தெரியாது. ஆனால் ஒன்று முடிந்துவிட்டது. அந்தத் தெம்பில், அது வற்றுவதற்குள், இன்னொன்றையும் முடித்துவிட வேண்டும் என்று எழுந்தார்.

டாக்டரின் அறைக்கு நடக்கும்போது அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. அண்ணனுக்குப் பிறர் ஓட்டும் வண்டியில் உட்காரப் பிடிக்காது. கல்யாணத்துக்கு வேன் பிடித்தால், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கையும் இல்லாத கிளட்ச்சையும் மிதித்துக்கொண்டே வருவார். ஊர் வந்து சேர்வதற்குள் கால் வலிக்கிறது என்பார். அப்படிப்பட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்து, ரோடு தெரியாமல், எவனோ ஒருவன் ஓட்டும் வண்டியில் அனுப்பக் கூடாது. இங்கேயே இருக்கட்டும். அண்ணன் சொன்னது எதுவாக இருந்தாலும், தான் சொல்லப்போவது இதுதான்.

டாக்டர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் போனைக் கையால் மூடிக்கொண்டு, "சொல்லுங்கய்யா" என்றாள்.

"மாத்தாண்டாம்" என்றார் சுடலையாண்டி. குரல் பாதிதான் வந்தது.

"மார்த்தாண்டமுங்களா? சரிங்கய்யா. நானே பேசிடறேன், பெட் இருக்குதான்னு." அவள் எழுந்துகொண்டே சொன்னாள். "யோசிக்காம இருக்க முடியாதுங்க. முடிவு பண்ணிட்டீங்கள்ல, இனி யோசிக்காதீங்க."

பின்னாலேயே வந்திருந்த ரதீஷ், "நான் கீழ போய் ஆம்புலன்ஸ் பாக்கேன்" என்று படியில் இறங்கி ஓடினான்.

சுடலையாண்டி வாயைத் திறந்தார். திறந்தபடி நின்றார். இல்லை, நான் சொன்னது அதில்லை என்று சொல்ல நான்கு சொல் போதும். டாக்டர் இன்னும் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுடைய பேனா மூடிகூட இன்னும் திறக்கப்படவில்லை. ஆனால் அவருக்குள் ஏதோ ஒன்று இளகி உட்கார்ந்தது. தான் சொன்னது தனக்கு எதிராக நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அண்ணன் பிழைக்கக்கூடும் என்ற ஒரு வழி, அவர் கேட்காமல், அவர் பெயரில் திறந்திருந்தது. அதைப் போய் அடைக்க அவருக்குக் கை வரவில்லை. ஒருவேளை அண்ணனும் அதைத்தான் சொன்னாரோ என்னவோ. பேனா மூடி திறந்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாணம்மாள் ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் அவரைத்தான் பார்த்தாள். "நீங்கதான் சொன்னியளா?"

"ம்."

அவள் கட்டிலுக்குத் திரும்பினாள். அண்ணனின் வேட்டியை இழுத்துச் சரிசெய்து, கம்பளியைக் கால்வரை போர்த்திவிட்டாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து அவருடைய செருப்பை எடுத்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் சுடலையாண்டிக்கு அண்ணனின் கால்மாட்டில்தான் இடம் கிடைத்தது. ரதீஷ் முன்னால் ஏறினான். தாணம்மாள் பையோடு எதிர்ச் சீட்டில் ஒடுங்கியிருந்தாள். தலைமாட்டில் ஒரு ஆண் நர்ஸ் மூச்சுக்கான ரப்பர்ப் பையை அமுக்கிக்கொண்டிருந்தான். பார்வதிபுரம் தாண்டியதும் வண்டி வேகம் எடுத்தது. வெளியில் நல்ல வெயில். கண்ணாடியில் பால்நிறத் தாள் ஒட்டியிருந்ததால் வெயில் மட்டும் தெரிந்தது, ஊர் தெரியவில்லை. எந்த இடம் என்று வளைவுகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

அவர் கம்பளிக்கு அடியில் இருந்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஒடித்துத் திரும்பியபோது இடது பாதம் லேசாக முன்னால் போனது. அது மிதிப்பதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த வளைவிலும் போனது. அவர் தாணம்மாளைத் தொட்டுக் காட்டினார். அவளும் பார்த்தாள். "ஓட்டுகாரு" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

வில்லுக்குறி என்று அவர் நினைத்த இடத்தில், குறுக்கே ஏதோ வந்திருக்க வேண்டும், டிரைவர் பிரேக்கை ஓங்கி அடித்தான். எல்லாரும் முன்னால் சரிந்தார்கள். தாணம்மாளின் மடியிலிருந்து பை விழுந்தது. கம்பளிக்கு அடியில் பாதம் அசையவில்லை.

வண்டி மறுபடி நகர்ந்தது. அவர் அடுத்த வளைவுக்காகக் காத்திருந்தார். அது வந்து போயிற்று. நர்ஸ் இன்னும் பையை அமுக்கிக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். சுடலையாண்டி அவனிடம் சொல்லவில்லை. கையைக் கம்பளிக்குள் விட்டு இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

தக்கலை நெரிசலில் வண்டி நின்றபோது நர்ஸ் அமுக்குவதை நிறுத்திவிட்டு அண்ணனின் கழுத்தில் விரல் வைத்தான். பிறகு முன்பக்கச் சின்ன ஜன்னலைத் தட்டினான். டிரைவர் திரும்பாமலே கேட்டான்.

"திருப்பவா, போகவா?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ரதீஷ் ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தான். சுடலையாண்டி பாதத்தை விடவில்லை.

"போங்க" என்றான் ரதீஷ். "அங்க டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

மார்த்தாண்டத்தில் டாக்டர் வண்டிக்கே வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, சொல்லிவிட்டுப் போனார். அதே வண்டியில் திரும்பினார்கள்.

மறுநாள் காலை, வாசலில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தபோது ஷிபு வந்தான். மாலை வைத்துக் கும்பிட்டான். கொஞ்சம் தள்ளி நின்று, சுடலையாண்டி தனியாக வரும்வரை காத்திருந்தான். அவன் காலடியில் ஒரு சாக்கு இருந்தது.

"கழத்தின சாமான். அண்ணாச்சி கையில குடுக்காம எனக்குக் கணக்குத் தீந்ததில்ல. எங்க வைக்கட்டு?"

சுடலையாண்டி சாக்கின் வாயை விலக்கிப் பார்த்தார். கரிந்த பிளேட்டு மேலே கிடந்தது. அதற்குக் கீழே ஒரு பேரிங். அதை எடுத்து விரலால் சுற்றினார். சத்தம் இல்லாமல் சுற்றியது.

"இது நல்லாத்தான இருக்கு?"

ஷிபு அதை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினான். மறுபடியும் சுற்றினான். "இஞ்ச பறை அடிக்காவோ. ஒண்ணும் கேக்கல்ல" என்றான்.

அதை மீண்டும் சாக்குக்குள் போட்டு, சாக்கைக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு சுடலையாண்டியைக் குளிக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளை இல்லாத அண்ணனுக்கு அவர்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஈரோட்டு டாக்டர் மேற்படிப்புக்குப் போய்விட்டாள். ஷிபு தக்கலையிலேயே இருக்கிறான், இன்னொரு கொட்டகை இழுத்துக் கட்டியிருக்கிறான். காரை ரதீஷ் ஓட்டுகிறான். மணவாளக்குறிச்சி மணல் கம்பெனி வேலைக்கு அதில்தான் போய்வருகிறான். அது எந்த ஏற்றத்திலும் நிற்பதில்லை. தாணம்மாளுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். அண்ணனை ஏன் மாற்றினோம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சுடலையாண்டிக்கு மாதம் ஒருமுறை மார்த்தாண்டத்தில் காது டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில்தான் போகிறார். கண்டக்டர் எங்கே என்று கேட்டால் மார்த்தாண்டம் தாண்டி அடுத்து வரும் குழித்துறையைச் சொல்லி டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, வந்த வழியே திரும்பி நடக்கிறார்.